டெக்குப் பச்சை

வெள்ளை இருபது சொட்டு, பச்சை எட்டு, நீலம் ஐந்து, கறுப்பு ஒன்று, கடைசியில் ஊசி முனையில் ஷாம்பூ, அப்போதுதான் சாயம் திட்டுத் திட்டாக நிற்காமல் பரவும், இது நான்கு வருடமாக என் நோட்டில் இருக்கிற கணக்கு, பெண்கள் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தொன்பது வருடம் குடுவை கழுவி, திராவகம் அளந்து கொடுத்தவள் எழுதிய கணக்கு, தப்பாது, தப்பினதே இல்லை, ஆனால் இப்போது மாத்திரை அட்டையின் குழிக்குள் கிடப்பது என்ன நிறம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வலது கண்ணை மூடினால் நல்ல பச்சை. இடது கண்ணை மூடினால் மயில் கழுத்து. இரண்டையும் திறந்து வைத்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம், பார்க்கப் பார்க்கத் தலை வலிக்கிறது. வலது கண்ணில் புரை எடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது, இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள், அதுவரைக்கும் ஒரே முகத்தில் இரண்டு உலகம். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள், புதுக் கண்ணுக்குக் கொஞ்ச நாள் எல்லாம் நீலமாகத் தெரியும், பழகிப்போகும் என்று. பழகட்டும், யார் வேண்டாம் என்றது, ஆனால் கஸ்பார் சேராங் ஐந்து மணிக்கு வந்துவிடுவாரே. இப்போது மணி இரண்டு பத்து. ‘அலையரசி’ என்ற இழுவைக் கப்பலுக்குத் தலைவராக இருந்தவர் அவர், அதே கப்பலில் என் வீட்டுக்காரர் தொபியாஸ் இருபத்தாறு வருடம் டெக்கில் நின்று கயிறு பிடித்தார், கப்பலை விற்று உடைக்கக் கொடுத்தாகிவிட்டது, மிச்சம் இருப்பது என் தையல் மேசை மேல் இருக்கிற இரண்டு சாண் நீளத்து அட்டை அலையரசிதான். ஓய்வுபெற்ற கப்பல்காரர்கள் கூடுகிற வாசகசாலையில் அதற்கென்று கண்ணாடிப் பெட்டி செய்து வைத்துவிட்டார்கள், எடுத்துப்போகத்தான் சேராங் வருகிறார். உடம்புக்குக் கறுப்பு ஆயிற்று, புகைபோக்கிக்குக் காவி மஞ்சள் ஆயிற்று, சுக்கான் அறைக்கு வெள்ளை ஆயிற்று, மிச்சம் டெக்கு. அந்த டெக்கில் முப்பது வருடம் நடந்தவர்கள் பத்துப் பேர் இன்றைக்குச் சாயங்காலம் அதைக் குனிந்து பார்க்கப் போகிறார்கள். நிறம் தப்பினால் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதுதான் எனக்குப் பயம்.

குனியக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதால் கப்பலை இரண்டு சம்படத்துக்கு மேல் தூக்கி வைத்திருக்கிறேன், நேராக உட்கார்ந்து பார்க்கிறேன், ராணி மாதிரி. ஹாலில் இவர் தூங்குகிறார், குறட்டை ஒரு சீராக வருகிறது, நடுவில் ஒரு நிறுத்தம், அந்த நிறுத்தத்தில் என் பிரஷ்ஷும் நிற்கிறது, அப்புறம் குறட்டை வந்ததும் நானும் நகர்கிறேன், முப்பத்தைந்து வருடப் பழக்கம். கலப்பதற்கென்று கடையில் குட்டிக் குட்டிப் புட்டியில் விற்கிறார்கள், வெளியூரிலிருந்து தருவிக்க வேண்டும், ஒரு புட்டி விலைக்கு ஒரு கிலோ வஞ்சிரம் வாங்கலாம், போங்கடா என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சின எமல்ஷன் போதும். சுவர்ச் சாயத்துக்குக் கலக்கிற ஸ்டெயினர் ட்யூப் பச்சை, நீலம், மஞ்சள், கறுப்பு. பளபளப்பு வேண்டாத இடத்துக்கு முகத்துக்குப் போடுகிற பவுடரைச் சலித்துக் கலந்தால் சாயம் கல் போல மங்கி உட்காரும், அலையரசியின் சுக்கான் அறை இன்றைக்கும் லேசாக ரோஜா வாசம் அடிக்கும். புகைக் கறைக்குக் கற்பூரத்தை ஏற்றித் தட்டில் பிடித்த கரி. துருவுக்கு நிஜத் துருவே, பழைய ஆணியை உப்புத் தாளில் தேய்த்து எடுத்த பொடி, வெள்ளைப் பசையில் குழைத்தது, இதைவிட அசலாகத் துருவை யார் செய்துவிட முடியும். இந்த ஊரில் உப்புக் காற்றுக்குத் துரு மட்டும் தட்டுப்பாடே கிடையாது. சொட்டு அளக்கத் தீர்ந்துபோன கண் மருந்துப் புட்டிகள், அதுவும் என் கண்டுபிடிப்புதான், அதைப் போல ஒரே அளவாகச் சொட்டுகிற சாமான் ஆய்வகத்தில்கூட எங்களுக்கு வாய்த்ததில்லை. ஆனால் மூன்று மணிக்குக் கண்ணுக்கு மருந்து விட வேண்டும், மருந்துப் புட்டியும் இதே மேசையில்தான் இருக்கிறது, இதே உயரம், இதே வெள்ளை மூடி. இவர் மருந்துப் புட்டியில் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் சிலுவை போட்டிருக்கிறார். சிலுவை இருக்கிறதா, இருக்கிறது. ஒரு நாள் சிலுவை இல்லாததை எடுத்து அண்ணாந்து புதுக் கண்ணுக்குள் நீலத்தை விட்டுக்கொண்டால். போன வாரம் முழுக்க இதே நினைப்பு, சாமி கும்பிடும்போதுகூட. சிலுவை இருக்கிறதா, இருக்கிறது, இப்போதுதானே பார்த்தேன். மருந்துப் புட்டியை எடுத்து மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன், இனி அங்கே போய்த்தான் விட்டுக்கொள்ள வேண்டும், மனசு லேசாயிற்று.

அந்தப் பச்சையை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன், அதில்தான் வந்தது வினை. வருடத்துக்கு ஒரு நாள் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றிக் காட்டுவார்கள், அன்றைக்கு எனக்கு முப்பத்தி நாலு வயது, புதுச் செருப்பு, வெயிலில் டெக்கு சுட்டது, செருப்பைத் தாண்டிச் சுட்டது, இவர் கூப்பிட்டுக் கயிறு சுற்றுகிற கட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார், நான் தொடாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பச்சை அது. வாழையிலை முற்றினதும் வருமே, எண்ணெய் தடவின மாதிரி, அது. போட்டோ ஒன்று இருக்கிறது, அது வெளுத்துச் சிவந்து எல்லாரும் காமாலைக்காரர்கள் போல நிற்கிறோம், அதை நம்ப முடியாது. அதனால் மனசில் இருந்ததை வைத்துத்தான் கலந்தேன். இப்போது புதுக் கண் கேட்கிறது, மனசில் இருந்தது அன்றைக்கு நல்ல கண்ணால் பார்த்தது, கலந்தது புரை விழுந்த கண்ணால், பழுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கலந்தால் எவ்வளவு நீலம் விட்டாலும் போதாதுதானே என்று. கேட்கும், அதற்கென்ன, பன்னிரண்டு நாள் வயசு. நான் சோதனை இல்லாமல் எதையும் ஒத்துக்கொள்கிறவள் இல்லை. தங்கச்சி வாங்கிக் கொடுத்த சேலையை அலமாரியிலிருந்து எடுத்தேன், கடைக்காரனிலிருந்து கோயில்வாசல் பூக்காரி வரைக்கும் எல்லாரும் வாழையிலைப் பச்சை என்று சொன்ன சேலை. புதுக் கண்ணுக்கு அது வாழையிலை. பழைய கண்ணுக்குச் சருகு. அப்படியென்றால் புதுக் கண் பொய் சொல்லவில்லை. அலமாரித் தட்டில் வரிசையாக நிற்கிற என் பழைய அலையரசிகளைப் பார்த்தேன், சின்னது, நடுத்தரம், பொம்மைக் கயிறு கட்டினது, எல்லா டெக்கும் மயில் கழுத்து. ஒன்று பங்குச் சாமியார் மேசையில் இருக்கிறது. ஒன்று தங்கச்சி வீட்டு டிவிக்கு மேல் இருக்கிறது. ஒவ்வொன்றையும் முடித்து இவர் முன்னால் வைத்து, சரியா இருக்கா என்று கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அப்படியே இருக்கு என்றிருக்கிறார். அப்படியே இருக்கு. இருபத்தாறு வருடம் அந்தப் பச்சையைத் தேய்த்துக் கழுவின மனுஷன். ஒன்று, அவர் ஒரு நாளும் உற்றுப் பார்க்கவே இல்லை, பெண்டாட்டி ஏதோ அட்டையை வெட்டிக்கொண்டிருக்கிறாள், நல்லாயிருக்கு என்று சொன்னால் சோறு நேரத்துக்கு வரும். இல்லையென்றால் பார்த்தார், பார்த்துவிட்டுப் பாவம் என்று நினைத்தார். இந்த இரண்டில் எது பரவாயில்லை என்று எனக்குத் தெரியவில்லை. போன வருடம் கஸ்பார் சேராங் வந்தபோது நடுத்தரக் கப்பலைக் காட்டினேன், ஆமா ஆமா என்றார், சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தார். அதை அப்போதே நான் கவனித்தேன், கவனித்துவிட்டுக் காபி போடப் போய்விட்டேன்.

மூன்று மணி மருந்து விட்டாயிற்று, சிலுவை பார்த்துத்தான் விட்டேன், ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்கார வேண்டும், உட்கார்ந்தால் தண்ணீர் நினைப்பு வருகிறது. எங்கள் தெருத் தண்ணீர்மேல் எனக்கு ஒரு குற்றச்சாட்டு உண்டு. சாயங்காலம் சரியாகக் கலந்து மூடி வைக்கிற பச்சை விடிந்து பார்த்தால் மஞ்சள் தட்டிப் போயிருக்கும், ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, எப்போதும். உப்புத் தண்ணீர் சாயத்தைத் தின்கிறது என்று நோட்டில் எழுதினேன். கேன் தண்ணீர் வாங்கினேன், மஞ்சள். காய்ச்சி வடிகட்டினேன், மஞ்சள். ஐப்பசி மழையில் மொட்டை மாடியில் சருவம் வைத்துப் பிடித்தேன், அடுத்த வீட்டு ஏசி சொட்டுகிற தண்ணீரைக்கூட அவர்களிடம் கேட்டு வாங்கினேன், அவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கும் மஞ்சள்தான். கடைசியில் தண்ணீரை மன்னித்துவிட்டு நோட்டில் ஒரு தனிக் கட்டம் போட்டேன், ‘காலைத் திருத்தம்: நீலம் இரண்டு சொட்டு.’ பூசைக்குப் போய்விட்டு வந்ததும் முதல் வேலை அதுதான், திருத்தம் விட்டுக் கலக்கி, அப்புறம்தான் பூசுவேன். கண்ணைத் திறந்தேன், வெள்ளை தீர்ந்திருந்தது, வேறு புட்டி தேடி மெஷின் டிராயரை இழுத்தால் ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் கலந்து வைத்த பச்சை, அப்படியே ஒரு முழுப் புட்டி. மறுநாள் விடியலில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டதால் அதற்குத் திருத்தம் விடவே இல்லை. கழுத்தில் நூல் கட்டி, அன்றைக்கே அந்தச் சாயத்தைத் தடவிப் பார்த்த சோதனை அட்டையும் தொங்குகிறது, அந்தப் பழக்கம் எனக்கு ஆய்வகத்திலிருந்து வந்தது. புதுக் கண்ணால் அட்டையைப் பார்த்தேன், மயில் கழுத்து. புட்டியைக் குலுக்கி ஒரு சொட்டு விட்டேன். வாழையிலை. முற்றின வாழையிலை, எண்ணெய் தடவினது, வெயிலில் சுட்டது. காயட்டும் என்று விசிறினேன், காய்ந்த பிறகும் அதேதான். அட்டையும் சொட்டும் ஒரே புட்டி, ஒரே கை, ஒரே தண்ணீர். எந்தத் தண்ணீரும் இப்படி அளவு தெரிந்து கெடாது. மஞ்சள் ட்யூப்பைத் தேடி எடுத்தேன், நான் அதிகம் தொடாத ட்யூப், புகைபோக்கிக்கு மட்டும் கொஞ்சம். முக்கால்வாசி தீர்ந்திருந்தது. வாலிலிருந்து மடித்து மடித்து, ஒரு மடிப்புக்குக்கூட கோணல் இல்லாமல் சுருட்டி வைத்திருந்தது. நான் எந்த ட்யூப்பையும் நடுவில் பிதுக்குகிறவள், பல் தேய்க்கிற பேஸ்ட்டுக்காக இந்த வீட்டில் முப்பத்தைந்து வருடமாகச் சண்டை, சுருட்டுகிறவர் யார் என்று கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை.

நான் பூசைக்குப் போகிற ஐந்தரை மணிக்கு இவர் எழுந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இந்த மேசைக்கு வந்து, மூடியைத் திறந்து, மஞ்சள் விட்டு, குலுக்கி, மூடி. நான் வந்து நீலம் விட்டு, குலுக்கி, மூடி. நான்கு வருடம். எனக்கு முதலில் வந்தது கோபம்தான், நல்ல கோபம், ஹாலுக்குப் போய்த் தலையணையை உருவ வேண்டும் போலிருந்தது. என் நோட்டில் நான் தண்ணீரைத் திட்டி எழுதியிருப்பதை இவர் படித்திருப்பார். மழைத் தண்ணீருக்குச் சருவம் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேனே, பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு வந்தாரே, அப்போதும் தெரியும். ஏசித் தண்ணீர் கேட்கப் போனபோது, நான் வேணும்னா கேட்கட்டுமா என்றாரே, அப்போதும். ஒரு மனுஷனால் எவ்வளவு நேரம் முகத்தை அப்படி வைத்துக்கொள்ள முடியும். யோசிக்க யோசிக்க, கோபம் இருந்த இடத்தில் சிரிப்பு வருகிறது, சத்தம் போட்டால் எழுந்துவிடுவார், வாயைச் சேலையால் பொத்திக்கொண்டேன், கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், கண்ணிலிருந்தே வந்தால் என்ன செய்வது. உற்றுப் பார்க்கவே இல்லை என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறார். பார்க்காமல் இத்தனை சொட்டு என்று யாரால் அளக்க முடியும். மாதாவே, இந்த ஆள் சாயம் கலக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார், அதுவும் என்னை விட நன்றாக. குறட்டை நின்றது, வந்தது. பிரஷ்ஷைக் கழுவினேன். அவருடைய புட்டியை எடுத்தேன், இனி அதை என் புட்டி என்று சொல்ல எனக்கு வாய் வராது. முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக, ஒரே திசையில், ஈரத்தின் மேல் ஈரம் ஏறாமல் பூசிக்கொண்டே வந்தேன், பச்சை பிரஷ்ஷுக்கு முன்னால் தானாக ஓடினது, வெளியே எங்கோ ஐஸ்காரன் மணி, மீன் குழம்பு வாசம் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை, அறுபத்தொரு வயதில் மத்தியானம் மூன்றரை மணிக்கு எனக்கு ஒரு குறையும் இல்லை என்று தோன்றியது. ஒரே ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது, ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை என்று.

நாலு மணிக்கு எழுந்தார், முகம் கழுவினார், வழக்கம் போல அவரே டீ போட்டு இரண்டு டம்ளரில் கொண்டுவந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டெக்கைப் பார்த்தார். அப்படியே இருக்கு என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் நிறுத்திவிட்டு, மறுபடி பார்த்தார். நான் ட்யூப்பை எடுத்து மேசைமேல் வைத்தேன். “இதச் சுருட்டுனது யாருங்க?” என்று கேட்டேன். டம்ளர்களைக் கீழே வைத்தார். கையை லுங்கியில் துடைத்தார், ஈரமே இல்லாத கையை. கோபமா என்று கேட்டார், அது மூணு மணிக்கு இருந்தது, இப்போ இல்லை என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், கொஞ்ச நேரம் கப்பலிடம் பேசுகிறவர் மாதிரி அதையே பார்த்துக்கொண்டு பேசினார். “ஒனக்குக் கண்ணு மங்குதுன்னு மொத வருசமே தெரியும். ஆசுபத்திரிக்கு வான்னா சண்டைக்கு வந்த. நெறம் தப்புன்னு நான் ஒரு வார்த்த சொல்லிருந்தா அன்னைக்கே பிரஷ்ஷக் கீழ வச்சிருப்ப, ஒன்னயத் தெரியாதா எனக்கு. கரைக்கு வந்த பெறவு எனக்குன்னு ஒண்ணும் இல்ல செலஸ்தி. நீ எங்க கப்பல கட்டிக்கிட்டு இருந்த. அத எப்பிடி நிறுத்தச் சொல்ல?” அப்புறம் டீ ஆறுகிறது என்றார். நான் குடித்தேன், அவரும் குடித்தார். சரியா இருக்கா என்றுதான் நான்கு வருடமும் கேட்டிருக்கிறேன், அதற்கு ஆமாம் என்பதைத் தவிர ஒரு புருஷன் என்ன சொல்லுவான். இன்றைக்கு வேறு மாதிரிக் கேட்டேன். “நீங்க நின்ன எடம் எப்பிடிங்க இருந்துச்சு?” அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று எத்தனை வருடம் இருந்தாரோ என்று எனக்குத் தோன்றியது. சொல்ல ஆரம்பித்தார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டெக்கு முழுக்கப் பச்சை அடிப்பார்களாம், அவர் நின்று கயிறு கொடுக்கிற மூலையில் மட்டும் ஒரு மாதம் தாண்டாதாம், பூட்ஸ் தேய்ந்து தேய்ந்து அடியில் இருக்கிற சிவப்பு ரெட் ஆக்சைடு வெளியே வந்துவிடுமாம், கஸ்பார் சேராங் ஒவ்வொரு தடவையும் ஏசுவாராம், அந்த இடத்தில் பச்சை நிற்கவே நிற்காதாம், கடைசி நாள் இறங்கும்போதுகூட அந்தச் சிவப்பைத்தான் பார்த்துவிட்டு இறங்கினாராம். இரும்புக்கு முதலில் சிவப்புதான் அடிப்பார்கள் என்று இவர் எப்போதோ சொன்னதால் நானும் நேற்று அட்டை டெக்குக்கு முதல் பூச்சாகச் செங்காவி பூசித்தான் வைத்திருந்தேன். எந்த மூலை என்று கேட்டேன். “இங்கன” என்று சொல்லி, பேச்சு வேகத்தில், பின்பக்கம் கயிற்றுக் கட்டைக்குப் பக்கத்தில் நான் கடைசியாகத் தடித்துப் பூசின இடத்தில், ஆள்காட்டி விரலை வைத்தே விட்டார். ஈரம். விரலை எடுத்தார், விரலோடு பச்சை போய்விட்டது, விரல் பட்ட இடத்தில் சிவப்பு. ஐந்து ஆகுமுன்பே வாசலில் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம், கஸ்பார் சேராங்கின் இருமல். இவர் பச்சை விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி அடித்துவிடலாமா, அஞ்சு நிமிஷம் இருக்குமா என்று கேட்டார். வேண்டாம், அப்படியே காயட்டும் என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கப் போனேன்.